பித்தளை என்று மட்டும் எழுதினால் எப்படி?

பித்தளைப் பாகங்கள் பற்றி வந்த கடிதங்களுக்கு இங்கே பதில். நீளமான கடிதங்களில் கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டியிருக்கிறேன். பட்டறைக்காரர்களும் வீட்டுக்காரர்களும் கலந்து கேட்டிருக்கிறார்கள். யார் சொத்தைச் சரக்கை யார் தலையில் கட்டினார்கள் என்பதுதான் பெரும்பாலான கடிதங்களின் சாரம்.

கேள்வி: பார்ட்டி கொடுத்த டிராயிங்கில் மெட்டீரியல் ‘பிராஸ்’ என்று மட்டும் இருந்தது. கடையில் கிடைத்த ரவுண்ட் ராடில் புஷ் (துளைக்குள் பொருத்தும் உருளை வளையம்) கடைந்து கொடுத்தேன். அளவெல்லாம் சரி. அவர்கள் அசெம்பிளியில் விளிம்பை மடிக்கும்போது வெடிக்கிறதாம். மொத்த லாட்டும் திரும்பி வந்துவிட்டது. தப்பு யார் மேல்? (லேத் பட்டறை, கணபதி, கோவை)

பதில்: பாதித் தப்பு டிராயிங் போட்டவர் மேல். மீதிப் பாதி, அதைப் பார்த்த பிறகும் ஒரு போன் போடாமல் ராடு வாங்கிய உங்கள் மேல்.

கடையில் பிராஸ் ராடு என்று கேட்டால் கைக்கு வருவது பெரும்பாலும் ஃப்ரீ கட்டிங் பித்தளைதான், அதாவது சுலபமாகக் கடைவதற்கென்று காரீயம் சேர்த்தது. அதற்கு நம் நாட்டுத் தரம் ஐஎஸ் 319. அதில் மூன்று கிரேடுகள். முதல் கிரேடில் செம்பு 56 முதல் 59 சதவீதம், காரீயம் 2 முதல் 3.5. இரண்டாவதில் செம்பு 60 முதல் 63, காரீயம் 2.5 முதல் 3.7. மூன்றாவதில் செம்பு அதே 60 முதல் 63, காரீயம் மட்டும் 0.5 முதல் 1.5. மிச்சமெல்லாம் துத்தநாகம். காரீயம் பித்தளையோடு கரைந்து சேராது. பொடிப்பொடி உருண்டையாக உள்ளே நிற்கும். டூல் போகிற வழியில் அந்த உருண்டை குறுக்கிட்டால் சுருள் முறிந்து பொடியாக விழுகிறது. கடைபவருக்கு அதைவிடச் சுகம் வேறில்லை. ஆனால் மடிக்கும்போது விரிசல் பிடிப்பதும் அதே உருண்டையில்தான். செம்பு குறைந்த கிரேடில் இன்னொரு தொல்லையும் உண்டு. உள்ளே பீட்டா என்ற கெட்டியான பகுதி அதிகம். பழுக்கக் காய்ச்சி அடித்தால் சொன்னபடி கேட்கும், குளிரில் மடித்தால் முரண்டு பிடிக்கும்.

கடைசலில் ஒரு உலோகம் எவ்வளவு சுலபம் என்று மார்க் போடுவார்கள். அமெரிக்கக் குறியீட்டில் சி36000 என்ற காரீயப் பித்தளைக்கு 100 மார்க். மற்றவற்றை அதோடு ஒப்பிட்டுத்தான் அளக்கிறார்கள். அழுத்தி இழுத்துத் தோட்டா உறை செய்யும் 70/30 (செம்பு 70, துத்தநாகம் 30) பித்தளைக்கு 30 மார்க். இரண்டு வேலையையும் ஒரே ராடு செய்யாது. கடைந்த பிறகு மடிக்கவோ ரிவிட் அடிக்கவோ வேண்டியிருந்தால் மூன்றாவது கிரேடு கேளுங்கள். அதுவும் விறைப்பாக இழுத்த ராடாக இருக்கக் கூடாது. அனீல் செய்ததா (சுட்டு இளக்கியது), ஹாஃப் ஹார்டா (பாதி விறைப்பு) என்று கேட்டு வாங்குங்கள். முதலில் பத்துத் துண்டு கடைந்து, மடித்துப் பார்த்துவிட்டு மற்றதைத் தொடுங்கள்.

இனி என் புலம்பல். ‘மெட்டீரியல்: பிராஸ்’ என்று ஒரு டிராயிங்கில் எழுதுவது, ‘அரிசி வாங்கி வா’ என்று ஆளை அனுப்பிவிட்டு, இட்லிக்குப் பச்சரிசி வந்துவிட்டது என்று கத்துவதற்குச் சமம். அளவுக்கு மட்டும் பத்து மைக்ரானில் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கறார் காட்டுவார்கள். உலோகத்துக்கு ஒரு எண் எழுதக் கை வராது. ராடு கிரேடு எழுதவில்லை, விறைப்பு எழுதவில்லை, பூச்சு எத்தனை மைக்ரான் என்று எழுதவில்லை. ஆனால் கீழே சிவப்பு மையில் ‘தரத்தில் சமரசம் இல்லை’ என்று முத்திரை! வெளிநாட்டு டிராயிங் என்றால் எண் இருக்கும், அங்கே வேறு தலைவலி. ஐரோப்பியக் குறியீடு சிடபிள்யூ614என் என்பதில் செம்பு 57 முதல் 59, காரீயம் 2.5 முதல் 3.5. நம் முதல் கிரேடுக்குப் பக்கத்தில் வரும். சி36000 நம் இரண்டாவது கிரேடுக்குப் பக்கத்தில் வரும். பக்கத்தில் வருவது வேறு, அதுவேதான் என்பது வேறு. “இதற்குப் பதில் இதைப் போடுகிறேன், சம்மதமா?” என்று எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வந்த பிறகு ராடை வெட்டுங்கள். போனில் சொன்ன ‘ஓகே’ ரிஜெக்ஷன் வரும் நாளில் யாருக்கும் நினைவிருக்காது.

கேள்வி: காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. அப்படியென்றால் நல்ல பித்தளைதானே? (திருச்சி)

பதில்: துத்தநாகத்திலும் ஒட்டாது, அலுமினியத்திலும் ஒட்டாது, காரீயத்திலும் ஒட்டாது.

கேள்வி: வீட்டில் போர் தண்ணீர், கொஞ்சம் உப்பு. பிளம்பர் ‘அசல் பித்தளை’ என்று போட்ட வால்வு கசிகிறது. கழற்றிப் பார்த்தால் உள்ளே செம்பு மாதிரி சிவந்து, நகத்தால் சுரண்டினால் பொடிகிறது. போலியா? (தூத்துக்குடி)

பதில்: போலி இல்லை. அசல் பித்தளை என்பதால்தான் இப்படி ஆனது. உப்புத் தண்ணீர் பித்தளையிலிருந்து துத்தநாகத்தை மட்டும் மெல்ல உறிஞ்சிவிட்டு, செம்பை நுரை மாதிரி விட்டுவிட்டுப் போய்விடும். அளவு மாறாது, வடிவம் மாறாது, பலம் மட்டும் போய்விடும். நீங்கள் சுரண்டிய சிவப்பு அதுதான். மரையில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் அது வெளியே வந்த துத்தநாகம்.

இதற்கென்றே டிஇசட்ஆர் என்று ஒரு பித்தளை உண்டு. ஐரோப்பியக் குறியீடு சிடபிள்யூ602என். செம்பு 61 முதல் 63 வரை ஏற்றி, 0.02 முதல் 0.15 சதவீதம் ஆர்செனிக் சேர்த்திருப்பார்கள். அந்தத் துளி ஆர்செனிக்தான் துத்தநாகத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. வால்வின் உடம்பில் டிஇசட்ஆர் என்றோ சிஆர் என்றோ எழுத்து பொறித்திருக்கும். அட்டைப்பெட்டியில் அச்சடித்திருந்தால் போதாது, உலோகத்தில் இருக்க வேண்டும். பிளம்பரைத் திட்டாதீர்கள், அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் யாருமில்லை. விற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உங்களுடையதாவது பித்தளை. என் வீட்டுக் குளியலறைக் குழாய் ஒன்று, ‘ஃபுல் பிராஸ், குரோம் ஃபினிஷ்’ என்று கடைக்காரர் வாய் கூசாமல் சொல்லி விற்றது, ஒரு நாள் திருகும்போது கழுத்தோடு கையில் வந்துவிட்டது. மரைப்பகுதி சுவருக்குள், தலை என் கையில். முறிந்த இடத்தில் சாம்பல் நிறம், மணல் மாதிரி பரு. துத்தநாக வார்ப்பு. வாங்கும்போதே கையில் தூக்கி எடை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பித்தளை ஒரு கன சென்டிமீட்டர் 8.5 கிராம், துத்தநாக வார்ப்பு 6.7 தான். பளபளப்பு இரண்டுக்கும் ஒன்றுதான். குரோம் என்பது மேலே அரை மைக்ரான்கூட வராத மினுக்கு. துருவைத் தடுப்பது அதற்கடியில் உள்ள நிக்கல், தாங்குவது அதற்கும் அடியில் உள்ள உலோகம்.

கேள்வி: பிளாஸ்டிக் மோல்டிங்குக்குப் பித்தளை இன்சர்ட் (பிளாஸ்டிக்குக்குள் பதிக்கும் மரைத் துண்டு) 20,000 வாங்கினேன். வாட்ஸ்அப்பில் படம் நன்றாக இருந்தது. முழுப் பணமும் முதலிலேயே அனுப்பினேன். வந்ததில் பாதிக்கு மரைக்குள் பிசிறு. நர்லிங் (பிடிப்புக்காக வெளியே போடும் சொரசொரப்பு வரி) மழுங்கி, பிளாஸ்டிக்கில் சுழல்கிறது. என்ன செய்யலாம்? (ஓசூர்)

பதில்: அடுத்த முறை படத்தையே மோல்டில் வையுங்கள்.

கோபம் ஆறிய பிறகு எழுதுகிறேன். சாம்பிள் கேட்கவில்லை. டிராயிங் அனுப்பவில்லை. கேஜ் எது, மரைக்குள் பிசிறு எடுக்க வேண்டுமா, நர்லிங் நேர்க்கோடா வைரமா, எண்ணெய் கழுவித் தர வேண்டுமா, எதையும் எழுதவில்லை. பணம் மட்டும் முழுசாகப் போயிருக்கிறது. விற்றவர் உங்களை ஏமாற்றினார் என்று எந்தக் காகிதத்தைக் காட்டிச் சொல்வீர்கள்? மீதி சரக்கை கோ கேஜ் (அளவு சரியாக இருந்தால் மட்டும் நுழையும் சோதனைக் கருவி) போட்டுப் பிரியுங்கள். பிசிறு மட்டும் உள்ளவற்றுக்கு டேப் (உள்மரை வெட்டும் கருவி) ஒரு முறை விட்டால் தேறும். நர்லிங் மழுங்கியதை ஸ்கிராப்பில் போடுங்கள். இனி 200 வாங்கி மோல்ட் செய்து, முறுக்கிப் பார்த்து, இழுத்துப் பார்த்துவிட்டு 20,000 வாங்குங்கள்.

கேள்வி: எம்6 (6 மில்லிமீட்டர்) மரை போட்ட பித்தளை ஸ்டட். பூச்சுக்கு முன் கோ ரிங் கேஜ் வெண்ணெயாகப் போனது. 10 மைக்ரான் நிக்கல் போட்டு வந்த பிறகு கேஜ் நுழையவே மறுக்கிறது. பிளேட்டிங் கடைக்காரர் 10 மைக்ரான்தான் போட்டேன் என்று சத்தியம் செய்கிறார். (அம்பத்தூர்)

பதில்: அவர் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும். கணக்கு உங்களுடையது.

வழவழப்பான தண்டில் 10 மைக்ரான் பூசினால் விட்டம் 20 கூடும், இது எல்லாருக்கும் தெரியும். மரையில் அப்படி இல்லை. 60 டிகிரி மரையில் பூச்சு சரிவின்மேல் படிகிறது. ஒரு பக்கச் சரிவில் படிந்த கனம் ஆரத்தின் திசையில் இரண்டு மடங்காகிறது, எதிர்ப்பக்கமும் சேர்ந்து நாலு மடங்கு. ஆக, பிட்ச் விட்டம் (சரிவின் நடுமட்டத்தில் அளக்கும் விட்டம்) 40 மைக்ரான் ஏறிவிட்டது. எம்6, பிட்ச் (மரைக்கு மரை தூரம்) 1 மில்லிமீட்டர், 6ஜி என்ற வகுப்பு மரைக்கு மேலே விட்டிருக்கும் இடைவெளி 26 மைக்ரான். அந்த இடைவெளிக்குள் அடங்கும் பூச்சு ஆறு மைக்ரான் சொச்சம்தான். உங்கள் மரை மேல் எல்லையை ஒட்டி இருந்தால் 10 மைக்ரானுக்குக் கேஜ் நிச்சயம் முட்டும்.

வழி இரண்டு. நிக்கலை ஐந்து மைக்ரானாகக் குறையுங்கள், அல்லது பூச்சுக்கு முன்பே மரையை 6இ என்ற வகுப்பில் வெட்டுங்கள், அங்கே இடைவெளி 60 மைக்ரான். மின்முலாம் விளிம்பிலும் மரை நுனியிலும் கூடுதலாக ஏறும், பள்ளத்தில் குறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள். அளவு கறாரான பாகத்துக்கு எலக்ட்ரோலெஸ் நிக்கல் (மின்சாரம் இல்லாமல் கரைசலிலேயே படிவது) மேலானது, எல்லா இடத்திலும் ஒரே கனமாகப் படியும். செலவு கூடும். டிராயிங்கில் எழுதிய அளவு பூச்சுக்கு முன்னா பின்னா என்று ஒரு வரி சேர்த்தால் இரண்டு கடைக்காரர்களோடு சண்டை மிச்சம்.

கேள்வி: நிக்கல் பூசிய பாகங்களில் பூச்சு கொப்பளித்து உரிகிறது. கடைக்காரர் ‘உங்கள் ராடு சரியில்லை’ என்கிறார். (பீளமேடு)

பதில்: ராடைக் குறை சொல்வது அந்தத் தொழிலின் பழைய வழக்கம். காரீயப் பித்தளையைக் கடைந்தால் மேற்பரப்பில் காரீயம் இழுபட்டு நிற்கும். அதை வெறும் கந்தக அமிலத்திலோ ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலோ முக்கினால் கரையாத காரீய உப்பு படிந்து, நிக்கல் பிடிக்காது. ஃபுளூபோரிக் அமிலத்தில் முக்க வேண்டும். ‘இது காரீயப் பித்தளை’ என்று சலானில் எழுதி அனுப்பினீர்களா? எழுதியும் உரிந்தால் அவர் பொறுப்பு. பஃபிங் மெழுகு சரியாகக் கழுவப்படாததும் காரணமாகலாம். உரிந்த துண்டின் அடிப்பக்கத்தைப் பாருங்கள், கருப்பாக இருக்கிறதா என்று.

கேள்வி: மங்காத பித்தளை உண்டா ஐயா? (மயிலாடுதுறை)

பதில்: இல்லை. லாக்கர் அடித்தது கொஞ்ச நாள் தாங்கும். எங்கள் வாசல் கைப்பிடிக்கு ‘பத்து வருடம் மங்காது’ என்று சொல்லித் தந்தார்கள். கை படும் இடத்தில் லாக்கர் போய்க் கறுத்து, படாத இடத்தில் தங்கமாக மின்னுகிறது. இப்போது புளி போட்டுத் தேய்க்கவும் முடியவில்லை.

கேள்வி: கோழிப்பண்ணை ஃபாகருக்கு (பனிபோல் தண்ணீர் தெளிக்கும் கருவி) பித்தளை நாஸில் நட்டுகள் செய்து கொடுத்தேன். பெஞ்சில் அழுத்தம் ஏற்றிப் பார்த்தபோது ஒன்றுகூடக் கசியவில்லை. ஷெட்டில் மாட்டிச் சில மாதத்தில் நட்டு நட்டாக நெடுக்கு வாக்கில் பிளந்துவிட்டது. யாரும் அடிக்கவில்லை, மோதவில்லை. பண்ணைக்காரர் மட்ட சரக்கு என்று பணத்தை நிறுத்திவிட்டார். நிஜமாகவே நல்ல ராடு சார். (நாமக்கல்)

பதில்: நம்புகிறேன். உங்கள் ராடு நல்லதாகவே இருந்திருக்கலாம். அதை வைத்த இடம்தான் பித்தளைக்கு எமன்.

இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் ராணுவத்துக்கு இதே தொல்லை வந்தது. மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் பத்திரப்படுத்தி வைத்தார்கள். எடுத்துப் பார்த்தால் பித்தளை உறைகள் தானாக விரிசல் விட்டிருந்தன. பருவத்தோடு வருவதால் ‘சீஸன் கிராக்கிங்’ என்று பெயர் வைத்தார்களே தவிர, காரணம் 1921இல்தான் தெளிவானது. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா, காற்றில் ஈரம், உறையை இழுத்து வடிவாக்கியபோது உள்ளே தங்கிய இறுக்கம், மூன்றும் சேர வேண்டும். உங்கள் விஷயத்தில் கோழி எச்சத்தின் அம்மோனியா, ஃபாகரின் ஈரம், விறைப்பாக இழுத்த ராடு, மேலே ஸ்பேனர் போட்டு முறுக்கிய இறுக்கம். எல்லாம் பொருந்துகிறது.

கடைந்த பிறகு 275 டிகிரி சுற்றில் ஒரு மணி நேரம் சுட்டு எடுத்தால் உள்ளிறுக்கம் பெரும்பகுதி போய்விடும், உலோகமும் இளகாது. மெர்குரஸ் நைட்ரேட் சோதனை என்று ஒன்று உண்டு. பாகத்தை அந்தக் கரைசலில் முக்கினால் இறுக்கம் மிச்சமிருக்கும் துண்டு அங்கேயே வெடித்துக் காட்டிக்கொடுக்கும். பாதரசம் கலந்தது, பட்டறையில் செய்து பார்க்காதீர்கள், ஆய்வகத்தில் கொடுங்கள். ஆனால் சுட்டு எடுத்தாலும் ஸ்பேனர் இறுக்கம் திரும்ப வரும். நிக்கல் பூசுவதும் முழுத் தீர்வு இல்லை, ஒரு ஊசித்துளை போதும். கோழி ஷெட்டுக்குள் பித்தளையே வேண்டாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கோ நல்ல பிளாஸ்டிக்குக்கோ மாறுங்கள். பண்ணைக்காரரிடம் பிளந்த நட்டை ஆய்வகத்தில் கொடுத்து வாங்கிய ரிப்போர்ட்டோடு போய்ப் பேசுங்கள். எங்கே மாட்டப்போகிறோம் என்று ஆர்டரில் எழுதியிருந்தால் அவர் பக்கம் நியாயம், எழுதவில்லை என்றால் பாதியாவது கேளுங்கள்.

கேள்வி: அமெரிக்கப் பார்ட்டி குடிநீர்க் குழாய் பாகத்துக்கு ‘லெட் ஃப்ரீ’ (காரீயம் இல்லாதது) கேட்கிறார். ராடு கடைக்காரர் ‘ஒரு சதவீதம்தான் சார், லெட் ஃப்ரீ மாதிரிதான்’ என்கிறார். (கோவை)

பதில்: அந்த ‘மாதிரி’ உங்கள் கன்டெய்னரைத் திருப்பி அனுப்ப வைக்கும். அமெரிக்காவில் 2014 ஜனவரி 4 முதல், தண்ணீர் படும் பரப்பில் சராசரியாக 0.25 சதவீதத்துக்கு மேல் காரீயம் கூடாது. அதற்கு முன் 8 சதவீதம் வரை அதே பெயரில் விற்றார்கள், கடைக்காரர் அந்தக் காலத்திலேயே நின்றுவிட்டார். எலக்ட்ரிகல் பாகத்துக்குச் செம்புக் கலவையில் 4 சதவீதம் வரை காரீயத்துக்கு ஐரோப்பிய ரோஸ் (RoHS, மின்சாதனங்களில் நச்சுப் பொருளைக் கட்டுப்படுத்துவது) விதியில் தனிச் சலுகை உண்டு. அதைக் காட்டிக் குடிநீர்ப் பாகத்தை விற்பவர்களும் இருக்கிறார்கள். அது வேறு சட்டம்.

கேட்க வேண்டியது சி69300 மாதிரியான சிலிக்கான் பித்தளை. செம்பு 73 முதல் 77, சிலிக்கான் 2.7 முதல் 3.4. ராடும் விலை கூடும், டூலும் சீக்கிரம் தேயும். விலை கொடுக்கும்போதே அதைச் சேருங்கள். அதைவிட முக்கியம், இதன் சுருளைப் பழைய பித்தளைச் சுருளோடு ஒரே டிரம்மில் கொட்டாதீர்கள். சிலிக்கான் கலந்த ஸ்கிராப்பை உருக்குபவர் பாதி விலைக்கும் தொட யோசிப்பார். கடைசல் வேலையில் லாபம் பாதி அந்த டிரம்மில்தானே இருக்கிறது.

கேள்வி: பித்தளை டெர்மினலுக்கு நேரடியாக வெள்ளீயம் பூசலாமா? நிக்கல் அடிப்பூச்சு வீண் செலவு என்கிறார் பங்காளி. (மதுரை)

பதில்: நேரடியாகப் பூசினால் துத்தநாகம் வெள்ளீயத்துக்குள் ஊடுருவி மேலே வந்துவிடும், சில மாதத்தில் சால்டர் பிடிக்காது. அடியில் நிக்கலோ செம்போ இரண்டரை மைக்ரானாவது வேண்டும். பங்காளியிடம் சொல்லுங்கள்.

கேள்வி: நானும் மனைவியும் இரண்டு லேத் வைத்துப் பிழைக்கிறோம். இரண்டாவது கிரேடு என்று பில் போட்டு, டெஸ்ட் சர்டிபிகேட்டும் கொடுத்து ராடு விற்றார்கள். டிரில் பிட் வரிசையாக முறிகிறது. ராடுக்குள் கல் மாதிரி ஏதோ தட்டுகிறது. சர்டிபிகேட்டை உற்றுப் பார்த்தால் பழைய தேதி, ஜெராக்ஸ். கேட்டால் ‘உங்களுக்கு ஓட்டத் தெரியவில்லை’ என்கிறார்கள். (ராஜபாளையம்)

பதில்: உங்களுக்கு நன்றாகவே ஓட்டத் தெரிந்திருக்கிறது, இல்லாவிட்டால் கல் தட்டுவதைக் கவனித்திருக்க மாட்டீர்கள். அது இரும்பும் சிலிக்கானும் சேர்ந்த கடினத் துகளாக இருக்க வாய்ப்பு அதிகம். பழைய பித்தளையை உருக்கி ராடு இழுப்பது குற்றமில்லை. ஜாம்நகரில் ‘ஹனி’ என்ற பெயரில் இறங்கும் இறக்குமதி ஸ்கிராப்பிலிருந்து நல்ல ராடும் வருகிறது. இரும்பைப் பிரிக்காமல், உருக்கியதைச் சோதிக்காமல் ஊற்றுவதுதான் அயோக்கியத்தனம். அதற்கு மேல் யாருடைய சர்டிபிகேட்டையோ ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பது பச்சை மோசடி.

ராடின் முனையில் ஹீட் நம்பர் (ஒரே தடவையில் உருக்கிய தொகுதியின் எண்) குத்தியிருக்கிறதா, கட்டில் டேக் இருக்கிறதா பாருங்கள். சர்டிபிகேட்டில் உள்ள எண்ணோடு அது ஒத்துப்போகாவிட்டால் அந்தக் காகிதம் உங்கள் ராடைப் பற்றியதே இல்லை. இரண்டு ராடிலிருந்து துண்டு வெட்டி, என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய வாரியம்) அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தில், கலவை விகிதம் காட்டும் ஸ்பெக்ட்ரோ டெஸ்ட் கொடுங்கள். செம்பு, காரீயம், இரும்பு மூன்றும் ரிப்போர்ட்டில் வரட்டும். இரும்பு 0.35 சதவீதத்தைத் தாண்டினாலே உங்கள் பக்கம் வலுவாகிவிடும்.

தொழிலுக்கு வாங்கியதற்கு நுகர்வோர் ஆணையம் போக முடியாது என்று கடைக்காரர் மிரட்டுவார். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்பது சரிதான். ஆனால் தன் பிழைப்புக்காக மட்டும் சுயதொழில் செய்பவர் வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று அதே சட்டம் விளக்கம் சொல்கிறது. இரண்டு லேத்தில் நீங்களே நின்று வேலை செய்வதை எடுத்துச் சொல்லலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் போட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து பாருங்கள், சில நேரம் அந்த ஒரு போனிலேயே கடைக்காரருக்கு மரியாதை வந்துவிடும். கம்பெனியாக இருப்பவர்களுக்கு இந்த வழி கிடையாது. 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டப்படி, சொன்ன விவரத்துக்குச் சரக்கு பொருந்தவில்லை என்று சிவில் வழக்குதான்.

எந்த வழியில் போனாலும் ராடை வாங்கி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் சும்மா இருந்தால் ஏற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். ஆகவே இன்றே ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். பில் எண், கிரேடு, முறிந்த பிட், ராடை ஏற்கவில்லை என்ற வாக்கியம், அவ்வளவு போதும். மீதமுள்ள ராடில் ஒன்றைக்கூட இனி வெட்டாதீர்கள். வெட்டிய துண்டுகளையும் முறிந்த பிட்டுகளையும் தேதி எழுதி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். ஆய்வக ரிப்போர்ட் வந்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், புகார் மனு எழுத உதவுகிறேன்.